ஊர்த் திடலைப் புதுப்பிப்போம்



தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குத் திடல் என்றால் என்னவென்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மாலையில் காற்பந்து, தீபாவளியையொட்டி விளையாட்டுப் போட்டி, பள்ளிப் பிள்ளைகளின் ஓட்டப் பந்தயம், திருவிழாக் காலத்தில் கடைகள், வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படம், இவை அனைத்துக்கும் இடம் கொடுத்தது அந்த ஒரு துண்டுப் புல்தரைதான். லயத்து வீடு சிறியது. ஆனால் வீட்டுக்கு வெளியே, எல்லாருக்கும் பொதுவாக, பெரியதொரு வெளி இருந்தது.

இன்று நம் குடும்பங்களுள் பெரும்பாலானவை தோட்டத்தை விட்டு வெளியேறி, தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் குடியேறிவிட்டன. அங்கேயும் பெயருக்கு ஒரு திடல் இருக்கிறது. ஆனால் அதன் நிலை என்ன? முழங்கால் உயரத்துக்கு லாலாங் புல். துருப்பிடித்த கோல் கம்பம். மழை பெய்து மூன்று நாள் ஆகியும் வடியாத தண்ணீர். ஊஞ்சலில் சங்கிலி மட்டும் தொங்குகிறது, பலகையைக் காணோம். இளைஞர்கள் வீணாகப் பொழுதைக் கழிக்கிறார்கள் என்று நாம் குறைப்பட்டுக் கொள்கிறோம். சரி, மாலை ஆறு மணிக்கு அவர்கள் எங்கே போவது என்று நாம் எப்போதாவது கேட்டோமா?

ஆகவே, பாழடைந்த ஒரு பொதுத் திடலை எப்படிப் புதுப்பிப்பது என்பதைப் பற்றி இன்று பேசலாம். திடலைப் புதுப்பிப்பது என்றவுடன் பலருக்கு நினைவுக்கு வருவது சாயம் பூசுவதும் புதுக் கம்பம் நடுவதும்தான். அவை கடைசி வேலைகள். முதலில் பார்க்க வேண்டியவை மூன்று: நிலம் யாருடையது, தண்ணீர் எங்கே போகும், நாளை யார் பார்த்துக்கொள்வார்கள். இந்த மூன்றுக்கும் விடை இல்லாமல் செலவழிக்கும் பணம், ஓட்டைப் பாத்திரத்தில் ஊற்றிய பாலாகிவிடும்.

பாழ்நிலம் பூங்காவாக மாறுமா என்று ஐயப்படுபவர்கள் தைப்பிங் நகருக்குப் போய்ப் பாருங்கள். ஈயம் தோண்டிக் கைவிட்ட குழிகளும் சேறுமாகக் கிடந்த இடத்தில்தான் 1880-ஆம் ஆண்டில் ஏரிப் பூங்கா அமைக்கும் எண்ணம் உருவானது. குழிகளை மூடவில்லை. அவற்றையே ஏரிகளாக்கினார்கள். 1884-ஆம் ஆண்டில் நட்ட தூங்குமூஞ்சி மரங்கள் இன்று கரையிலிருந்து வளைந்து, தண்ணீரைத் தொடும் அளவுக்குக் கிளை பரப்பி நிற்கின்றன. மாலையானால் இலையை மடக்கிக்கொள்ளும் இந்த மரத்தை மலாய்க்காரர்கள் 'புக்கூல் லீமா', அதாவது ஐந்து மணி மரம் என்கிறார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊர் தைப்பிங். அங்கே மழைநீருக்கு இடம் ஒதுக்கிவிட்டுத்தான் மனிதர்கள் தங்களுக்கு இடம் தேடிக்கொண்டார்கள். அதனால்தான் அந்தப் பூங்கா நிலைத்தது.

இனி, முதற்கேள்விக்கு வருவோம். நிலம் யாருடையது?

தோட்டத்துத் திடல் தோட்டக் கம்பெனியின் நிலம். தோட்டம் விற்கப்பட்டபோது திடலும் சேர்ந்தே விற்கப்பட்டது. இந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. தாமானில் நிலைமை வேறு. புதிய வீடமைப்புத் திட்டங்களில் பொதுவாக நூற்றுக்குப் பத்துப் பங்கு நிலத்தைத் திறந்த வெளியாக விட வேண்டும் என்பது நம் நாட்டுத் திட்டமிடல் வழிகாட்டி. ஆனால், விட்டால் மட்டும் போதாது. அந்த நிலம் பொதுப் பயனுக்காக ஒதுக்கப்பட்டது என்று அரசிதழில், அதாவது கெஸட்டில், பதிவாகியிருக்க வேண்டும். தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு இதற்கு வழி செய்கிறது. அப்படிப் பதிவான நிலத்தை வேறு காரியத்துக்கு மாற்ற வேண்டுமானால், முன்னறிவிப்புக் கொடுத்து விசாரணை நடத்த வேண்டும். பதிவில்லாத திடலோ ஒரு நாள் காலையில் வேலி போடப்பட்டு நிற்கக்கூடும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு கோலாலம்பூரில் உண்டு. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பை அடுத்துள்ளது ரிம்பா கியாரா பூங்கா. பரப்பு ஏறத்தாழ 25 ஏக்கர். அதன் ஓரத்து நீள்வீடுகளில் குடியமர்த்தப்பட்டவர்கள் யார் தெரியுமா? புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய நம் குடும்பங்கள்தான். 1980-களில் அங்கே வந்தவர்கள், நிரந்தர வீட்டுக்காகப் பல்லாண்டுகள் காத்திருந்தார்கள். 2017-ஆம் ஆண்டில், பூங்கா நிலத்தின் ஒரு பகுதியில் உயர்ந்த அடுக்குமாடிகள் கட்ட அனுமதி வழங்கப்பட்டது. அந்தத் திட்டத்தில் நீள்வீட்டு மக்களுக்கான வீடுகளும் அடங்கியிருந்தன. சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்ற தீர்ப்பை உறுதி செய்தது. கோலாலம்பூர் அமைப்புத் திட்டத்தில் அந்த இடம் பொதுத் திறந்த வெளி என்று குறிக்கப்பட்டிருந்ததே வழக்குக்குப் பெரும் பலமாக அமைந்தது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. வரைபடத்தில் எழுதிய ஒரு சொல், காலம் கடந்தும் காவல் நிற்கும் என்பது ஒன்று. ஏழைக்கு வீடு வேண்டுமா, ஊருக்குத் திடல் வேண்டுமா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்தக்கூடாது என்பது மற்றொன்று. வீடும் வேண்டும், திடலும் வேண்டும். தோட்டத்து மக்கள் இவ்விரண்டையும் கேட்பதில் பேராசை ஏதும் இல்லை.

அடுத்து, தண்ணீர்.

திடலைக் கெடுப்பது கால்மிதி அன்று, தேங்கும் தண்ணீர்தான். ஈர மண்ணில் ஆடினால் புல் வேரோடு பெயரும், மண் இறுகும். இறுகிய மண்ணில் அடுத்த மழை இறங்காது. ஆகவே திடலின் நடுப்பகுதி சற்று உயர்ந்தும் ஓரங்கள் தாழ்ந்தும் இருக்க வேண்டும். நூறு அடிக்கு ஓர் அடி சரிவு போதும். 60 மீட்டர் அகலமுள்ள திடலில் நடுப்பகுதி ஓரத்தைவிட 30 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால், கண்ணுக்குச் சமதளமாகவே தெரியும். தண்ணீர் மட்டும் தன் வழியைத் தெரிந்துகொள்ளும். ஓரத்தில் வடிகால் வெட்டி, அதைப் பெரிய கால்வாயோடு சேர்க்க வேண்டும். மேடு பள்ளம் பார்த்துச் செம்பனைக் காட்டில் வடிகால் வெட்டிய நம் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு கைவந்த கலை. அவர்களை அழைத்து, மழை பெய்யும்போதே திடலைச் சுற்றி நடந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கே குழி, எங்கே அடைப்பு என்று அவர்களே காட்டிவிடுவார்கள்.

சிங்கப்பூரில் பீஷான் அங் மோ கியோ பூங்கா 1988-இல் திறக்கப்பட்டது. அதன் ஓரமாக 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேரான சிமெண்டுக் கால்வாய் ஓடியது. பூங்காவைப் புதுப்பித்தபோது அந்தச் சிமெண்டை உடைத்து, ஏறக்குறைய 3 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றினார்கள். 2012-இல் வேலை முடிந்தது. மழை இல்லாத நாளில் கரையோரப் புல்வெளியில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பெருமழையின்போது அதே புல்வெளி ஆற்றுக்கு வழிவிடுகிறது. நம் தாமானில் அவ்வளவு பெரிய வேலை நடக்காமல் போகலாம். ஆனால் தண்ணீரோடு சண்டை போடாமல் அதற்கு வழிவிடும் அறிவு நமக்கும் பொருந்தும்.

தண்ணீர் தேங்கினால் இன்னோர் ஆபத்தும் உண்டு. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் போதும். பழைய டயர், உடைந்த இருக்கையின் குழி, வீசியெறிந்த நெகிழிக் குவளை, இவை அதற்குத் தொட்டில்கள். வாரத்துக்கு ஒரு முறை திடலைச் சுற்றிப் பார்த்துத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டால், வளரும் கொசு பறக்குமுன் அழியும்.

நிலமும் நீரும் சரியான பிறகே, எதை எங்கே அமைப்பது என்ற பேச்சு. இங்கே ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். திடல் காற்பந்து ஆடும் இளைஞர்களுக்கு மட்டும் சொந்தமன்று. தாய்மார்கள், முதியவர்கள், சிறு குழந்தைகள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் அனைவருக்கும் அதில் பங்குண்டு.

முழு அளவுக் காற்பந்துத் திடலுக்கு 90 மீட்டர் நீளமாவது வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். ஆண்கள் கபடிக்கு 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் போதும். பூப்பந்துக்கும் செப்பாக் தக்ராவுக்கும் ஒரே அளவு தளம்தான்: 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். ஒரே சிமெண்டுத் தளத்தில் பகலில் ஒன்றும் மாலையில் மற்றொன்றும் ஆடலாம். நம் பிள்ளைகளும் மலாய், சீனப் பிள்ளைகளும் ஒன்றாகக் கூட அதைவிட நல்ல இடம் ஏது?

ஊஞ்சலுக்கும் சறுக்குப் பலகைக்கும் கீழே சிமெண்டு போடாதீர்கள். ஓரடி ஆழத்துக்கு மணல் பரப்புங்கள். விழும் பிள்ளைக்கு அதுதான் மெத்தை. கழற்றி மாற்றும் கோல் கம்பத்தைத் தரையோடு இறுகப் பிணையுங்கள். பிள்ளைகள் தொங்கி, கம்பம் சாய்ந்து உயிர் போன கொடுமைகள் உலகின் பல இடங்களில் நடந்திருக்கின்றன. நடைபாதைக்குச் சாய்தளம் அமைக்கும்போது, ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் விடுங்கள்; பாட்டியின் சக்கர நாற்காலியைப் பேரன் எளிதாகத் தள்ளுவான். விளக்கும் கழிப்பறையும் இல்லாத திடலுக்குப் பெண்கள் வரமாட்டார்கள். நடைபாதையை மறைக்கும் புதர் வேண்டாம். நிழலுக்கு மரம் வேண்டும். ஆனால் வடிகாலை ஒட்டி நடவேண்டாம், வேர் அதை உடைத்துவிடும்.

மூன்றாவது கேள்வி, நாளை யார் பார்த்துக்கொள்வது?

1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி, பொதுமக்கள் பயனுக்கென்று ஒப்படைக்கப்பட்ட இடங்களைப் பேணும் பொறுப்பு நகராண்மைக் கழகத்தையோ மாவட்ட மன்றத்தையோ சேர்ந்தது. நாம் கேட்பது சலுகையன்று. வீட்டு வரி கட்டும் குடும்பத்தின் உரிமை அது. ஆனால் கேட்கும் முறையொன்று இருக்கிறது. முறையீட்டைத் தேசிய மொழியில் எழுதுங்கள். திடலின் இடம், பழுதுகளின் பட்டியல், நிழற்படங்கள், சுற்றியுள்ள எல்லா இனத்தாரின் கையொப்பங்கள், இவற்றை இணையுங்கள். கொடுத்த கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்குப் படித்த பிள்ளைகளை முன்னே நிறுத்துங்கள். ஒவ்வொரு மாதமும் ஒருவர் போய் விசாரிக்கட்டும். மறவாமல் கேட்பவருக்கே பதில் கிடைக்கும்.

கழகம் செய்ய வேண்டியதைக் கழகம் செய்யட்டும். நாம் செய்ய வேண்டியதும் உண்டு. 1975-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ருக்குன் தெத்தாங்கா அமைப்பு உங்கள் பகுதியில் இருந்தால், அதன் மூலம் ஒரு திடல் குழு அமையுங்கள். குழுவில் இரண்டு பெண்களும் இரண்டு இளைஞர்களும் கட்டாயம் இருக்கட்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங். புல் வெட்டுவது, வடிகால் தூர் எடுப்பது, கோல் வாயிலில் தேய்ந்த இடத்தில் புதுப் புல் பதிப்பது, ஆணி கழன்ற பலகையை முடுக்குவது, இவை அரை நாள் வேலை. சிறு பழுதை அன்றே பார்த்தால் பெரும் பழுது வராது. உடைந்த ஊஞ்சல் ஒரு மாதம் அப்படியே கிடந்தால், இந்த இடத்தைக் கேட்பாரில்லை என்ற எண்ணம் எல்லார் மனத்திலும் வேரூன்றிவிடும். அதன்பின் குப்பை வரும். குப்பைக்குப் பின்னால் வேறு பலவும் வரும்.

நேயர்களே, காட்டை அழித்துக் கித்தாத் தோட்டமாக்கியவர்கள் நம் முன்னோர். அவர்கள் கைபட்ட நிலத்தில் ஓர் அடிகூட அவர்கள் பெயரில் இருந்ததில்லை. இன்று நம் வாசலில் இருக்கும் பொதுத் திடலும் நம் ஒருவர் பெயரில் இல்லைதான். ஆனால் அது எல்லார் பெயரிலும் இருக்கிறது. அந்த எல்லாரில் நாமும் உண்டு.

இந்த வாரமே உங்கள் திடலைச் சுற்றி ஒரு முறை நடந்து வாருங்கள். நிலம் பதிவாகியிருக்கிறதா என்று கழக அலுவலகத்தில் கேளுங்கள். அடுத்த மழையில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டாரிடம் பேசுங்கள். ஊர் கூடினால்தான் தேர் நகரும். திடலும் அப்படித்தான்.