ஆதார் இணைப்பும் வாக்குரிமையும்



விரல் ரேகையும் கருவிழியும் பதிந்த ஆதாரை வாக்காளர் பட்டியலுடன் இணைக்கும் பணியைத் தேர்தல் ஆணையம் 2015 மார்ச்சில் தொடங்கியது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் அது நின்றது. எனினும் 2018 டிசம்பர் 7 அன்று தெலங்கானாவில் வாக்களிக்கச் சென்ற பலர், கையில் வாக்காளர் அட்டை இருந்தும், பட்டியலில் பெயரின்றித் திரும்பினர். அவ்விணைப்பின்போது நிகழ்ந்த நீக்கங்களே காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியே மன்னிப்புக் கோர நேர்ந்தது. ரேஷன் கடையில் ரேகை பொருந்தாத உழைப்பாளி, ஒருநாள் கூலியை இழந்தாவது, மறுநாள் செல்லலாம். வாக்குப்பதிவுக்கு ஏது மறுநாள்?

2021 டிசம்பரில் இரண்டே நாட்களில் இரு அவைகளிலும் சட்டத்திருத்தம் நிறைவேற்றப்பட்டது. விருப்பமுள்ளோர் தரலாம் என்றார்கள். படிவம் 6பி-யிலோ, எண்ணைத் தருக, அன்றேல் ஆதாரே இல்லையென எழுதுக என்னும் இரண்டு வழிகளே இருந்தன. தர விரும்பாதவருக்கு அதில் கட்டமே இல்லை! 2023 செப்டம்பரில், எண் கட்டாயமன்று என ஆணையமே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்குள் 66 கோடிக்கும் மேற்பட்ட எண்கள் பதிவேற்றப்பட்டிருந்தன.

வீடு தேடி விசாரியாமல், எழுத்து மூலம் அறிவிக்காமல் எவர் பெயரையும் நீக்கலாகாது என்பதே நமது கோரிக்கை. வரைவுப் பட்டியல் வெளிவந்ததும் நம் கிளைத் தோழர்கள் அதை வீதிவீதியாக வாசித்துச் சரிபார்க்க வேண்டும்.