பழைய பாஞ்சோ வாங்குவோர்க்கு



எனது இளைய சகோதரனின் மகள் அமெரிக்காவிலே பொஸ்டன் நகரில் தொழில் பார்க்கின்றாள். பாஞ்சோ என்னும் இசைக்கருவியைப் பயில வேண்டுமென்பது அவளுடைய நெடுநாள் ஆசை. முதலாண்டுச் சம்பளத்தில் மிச்சம்பிடித்த பணத்தைக் கொண்டு, நூறாண்டு கடந்த கருவியொன்றை வாங்கினாள். சென்ற ஆண்டு விடுமுறையில் நான் அங்கு போயிருந்தபோது அதனைக் கொணர்ந்து என் மடியில் வைத்து, "பெரியப்பா, மூன்று மாதமாகப் பழகுகிறேன். விரல் நோகின்றதே தவிரச் சுருதி சேரவில்லை. எனக்குச் சங்கீதம் வராது போலும்" என்றாள்.

நான் வாலிபப் பருவத்திலே சிறிது வீணை பயின்றவன். கருவியைத் தூக்கி, அதன் தண்டியை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாட்டில் நோக்கினேன். அது வில்லைப்போல் வளைந்திருந்தது. குறை பிள்ளையிடத்தில் இல்லை, கருவியிடத்திலேயே இருந்தது. இவ்வாறு தம்மைத் தாமே நொந்துகொண்டு இசையைக் கைவிட்டவர் எத்தனை பேரோ! அதனாலேயே இன்று இதுபற்றிப் பேசக் கருதினேன்.

பாஞ்சோ என்றதும் நம்மவரிற் சிலர், வட இந்தியாவில் அப்பெயரால் வழங்கும், விசைகளை அழுத்தி வாசிக்கும் சிறு பெட்டி வாத்தியத்தை எண்ணக்கூடும். அது வேறு. நான் கூறுவது, வட்டமான மரச்சட்டத்தில் தோலை இறுகப் போர்த்து, நீண்ட தண்டி பொருத்திய கருவி. அடிமைகளாக்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்ட மேற்கு ஆபிரிக்க மக்கள் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்துச் செய்த வாத்தியமே அதன் மூலம். 19ஆம் நூற்றாண்டிலே வெள்ளையர் முகத்திற் கரிபூசி, அம்மக்களையே ஏளனஞ்செய்து ஆடிய மேடைகளில் அக்கருவியையும் எடுத்தாண்டனர் என்பது வரலாற்றின் கொடுமைகளில் ஒன்று. பின்னர் பால்டிமோர், பிலடெல்பியா, பொஸ்டன், நியூயோர்க் முதலிய நகரங்களில் அதனைச் செய்யும் தொழிற்சாலைகள் எழுந்தன.

அக்காலத்துக் கருவிகள் குடல்நரம்பு பூட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. குடல்நரம்பின் இழுவிசை குறைவு. பின்வந்தோர் அவற்றில் உருக்குத் தந்திகளை ஏற்றினர். மெல்லிய பழந்தண்டி அவ்விழுவையைத் தாங்குமா? ஆண்டுக்கணக்கில் இழுபட்டு வளைந்துவிடுகின்றது. தண்டி வளைந்தால் தந்திகள் மெட்டுக்களை விட்டு உயர்ந்து நிற்கும். விரல் நோக அழுத்தவேண்டும். அழுத்தும்போது தந்தி மேலும் இழுபட்டுச் சுரம் ஏறிவிடும். என் மகள் பட்ட துன்பம் இதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கருவி வேண்டுமென்போர் குடல்நரம்போ, அதற்கு ஈடான நைலோன் நரம்போ பூட்டுவதே தக்கது.

அடுத்துத் தந்திகளின் எண்ணிக்கை. நாட்டுப்பாடல் வாசிப்போர்க்கு வேண்டியது ஐந்து தந்திப் பாஞ்சோ. அதன் ஐந்தாந் தந்தி குட்டையானது. அதற்குரிய பிரடை தண்டியின் பக்கத்தில், ஐந்தாம் மெட்டருகே இருக்கும். ஆனால் 1920களில் நடன இசைக்குழுக்கள் விரும்பியது நான்கு தந்திக் கருவியையே. ஆகவே அக்காலத்துச் சிறந்த பாஞ்சோக்களிற் பெரும்பாலானவை நான்கு தந்தி உடையன. அவற்றின் சட்டத்தில் ஐந்து தந்திக்குரிய புதுத்தண்டி பொருத்தி விற்பதும் உண்டு. அதனை மறையாமற் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்பின் குற்றமில்லை. பயில்வோர்க்கு அது நல்ல பொருளே. மறைத்து, முழுவதும் அசல் என்று விலை கூறுவதுதான் வஞ்சகம். பொஸ்டனில் பெயர்பாங்க்ஸ் நிறுவனமும், 1904இல் அதனை வாங்கிய வேகா நிறுவனமும் சட்டத்தின் உட்புறத்திலும், தண்டியிலிருந்து சட்டத்தினூடே செல்லும் கோலிலும் ஒரே எண்ணைப் பொறித்தன. இரண்டும் ஒத்திருப்பின் தண்டியும் சட்டமும் உடன்பிறந்தவை என்று துணியலாம்.

பெயருக்காகப் பெரும்பணம் கொடுக்கவேண்டா. கிப்சன் நிறுவனம் 1925 முதல் செய்த மாஸ்டர்டோன் வகையில், இரண்டாம் உலகப்போருக்கு முற்பட்ட அசல் ஐந்து தந்திக் கருவிகள் பல்லாயிரம் டொலருக்கு விலைபோகின்றன. 1945இல் பில் மன்றோவின் குழுவிற் சேர்ந்து மூன்று விரலால் மின்னல்போல் வாசித்த ஏர்ல் ஸ்கிரக்ஸ் அத்தகைய கருவியைக் கையாண்டமையால் அவற்றின் மதிப்பு உயர்ந்தது. கற்கத் தொடங்கும் ஒருவருக்கு அது வேண்டியதில்லை. அதேபோல, பழையது என்ற ஒரே காரணத்தால் மலிவுக் கருவியை வாங்குவதும் வீண். அன்றும் மட்டமான பொருள் ஆயிரக்கணக்கிற் செய்யப்பட்டது. நூறாண்டு கழிந்ததனால் அது உயர்ந்துவிடாது. நல்ல நிறுவனமொன்றின் அலங்காரமற்ற மாதிரியே ஏற்றது. முத்துச்சிப்பிப் பூவேலை நாதத்தைக் கூட்டுவதில்லை.

இனிக் கருவியைச் சோதிக்கும் முறை. தண்டி மிகச் சிறிதளவு குழிந்திருத்தல் பிழையன்று, முறுக்கிக்கொண்டிருத்தல் கூடாது. தண்டி சட்டத்தோடு சேருமிடத்தில் வெடிப்போ இடைவெளியோ உண்டா, சட்டம் வட்டம் குலையாமல் இருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். பிறகு பன்னிரண்டாம் மெட்டுக்கு நேரே தந்தியை மெல்லத் தொட்டு மீட்டி, அடுத்து அவ்விடத்திலேயே அழுத்தி மீட்டுக. இரண்டும் ஒரே சுரமாக ஒலிக்கவேண்டும். ஒலியாவிடிற் பதறவேண்டா. பாஞ்சோவின் குதிரை நிலையாகப் பதிக்கப்பட்டதன்று. தந்தியின் அழுத்தத்தாலேயே தோல்மேல் நிற்பது. சிறிது நகர்த்திப் பார்க்கலாம். நகர்த்தியும் சேராவிட்டால், தந்திகளும் உயர்ந்து நின்றால், தண்டியைச் சந்தேகிக்கவேண்டும்.

தோல் கிழிந்திருக்கின்றதா? கவலையில்லை, மாற்றிவிடலாம். கன்றுத்தோல் மழைக்காலத்தில் தளரும். 1950களின் பிற்பகுதி முதல் பிளாஸ்திக்குத் தோலும் உண்டு. கொளுக்கி சில இல்லையா, மெட்டுத் தேய்ந்ததா, மெருகு உரிந்து மறுபூச்சு ஏறியிருக்கின்றதா? இவை சேகரிப்போருக்குப் பெருங்குறை. ஆகையால் விலை இறங்கும். வாசிப்போருக்கோ அது இலாபம். ஆயினும் கைப்பணம் முழுவதையும் கருவிக்கே கொடுத்துவிடாமல், செப்பனிடுவோனுக்கும் ஒரு பகுதியை ஒதுக்கிவைத்தல் வேண்டும். நாடு கடந்து கொண்டுவர எண்ணுவோர் தந்தப் பிரடை, பிரேசில் நாட்டு ரோஸ்வூட் மரம் ஆகியவை உண்டா என்றும் விசாரித்தறிக. அம்மரம் 1992 முதல் சர்வதேச வணிகத் தடைக்கு உட்பட்டது.

என் மகளின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். விற்ற கடைக்காரர் கருவியைத் திரும்ப ஏற்க மறுத்துவிட்டார். தண்டியை நிமிர்த்தக் கேட்ட கூலி கருவியின் விலைக்குச் சமமாயிருந்தது. அதில் நைலோன் நரம்பு பூட்டிச் சுவரில் மாட்டிவிட்டு, அடுத்த ஆறு மாதம் மீண்டும் பணம் சேர்த்தாள். இம்முறை, பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்று, 1920களில் வேகா செய்த எளிய கருவியொன்றை வாங்கினாள். மெருகு பாதி உரிந்தது, தோல் புதியது, எண்கள் இரண்டும் ஒத்திருந்தன. போன வாரம் அவள் வாசித்துப் பதிவுசெய்து அனுப்பியதைக் கேட்டேன். ஐந்தாந் தந்தி ஓர் இழை இறங்கி ஒலித்தது. அதனைச் சரிசெய்யும்படி எழுதியிருக்கின்றேன்.