நல்லெண்ணெயும் நரம்பு நோயும்

கொள்ளுப்பிட்டிச் சந்தையிலோ வெள்ளவத்தைக் கடைவீதியிலோ நல்லெண்ணெய்ப் போத்தல் ஒன்றை வாங்கும்பொழுது நிறத்தைப் பார்க்கிறோம், மணத்தை முகர்கிறோம், விலையைக் கேட்கிறோம். இவ்வெண்ணெய் இதற்கு முன் எந்தப் பீப்பாவில் இருந்தது என்று மட்டும் கேட்பதில்லை. நாம் கேளாத அந்தக் கேள்விக்குள்ளேதான் இந்நாட்டு இளம் பெண்கள் சிலரின் கைகால்களைத் தளர்த்திய நோயின் காரணம் மறைந்திருந்தது.

1977, 1978 ஆம் ஆண்டுகளில் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த இளம் பெண்கள் 20 பேரளவில் ஒரே வகையான நோய்க்கு ஆளாயினர். பாதங்கள் தளர்ந்து தொங்கின. கைகளின் பிடி நழுவியது. நாள் செல்லச் செல்லத் தசைகள் மெலிந்தன. தசை மெலிந்தால் நோய் தசையில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. மூளையின் கட்டளையை முள்ளந்தண்டு வழியே தசைக்குக் கொண்டு சேர்ப்பது நரம்பு. அந்நரம்பு அழிந்தால், ஊட்டமுள்ள உடலிலும் தசை வாடிவிடும். இப்பெண்களுக்கு நேர்ந்ததும் அதுவே.

நரம்பை அழித்தது யாது? கிருமியா, ஊட்டக் குறைவா, பரம்பரையா? ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்த சோற்றை உண்ணும் தந்தைக்கும் தமையனுக்கும் வராத நோய், அண்மையில் பூப்பெய்திய பெண்ணை மட்டும் பற்றுவானேன்? பேராதனை மருத்துவ பீடத்தைச் சேர்ந்த நிமால் சேனநாயக்கவும், அவருடன் ஆராய்ந்த ஜெயரத்தினமும் இக்கேள்விக்குக் கண்ட விடையை 1981 ஆம் ஆண்டில் லண்டனிலிருந்து வெளிவரும் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டனர்.

பெண் பெரியபிள்ளையானதும் முட்டையும் உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்து உடலைத் தேற்றுவது நம் தாய்மாரின் வழக்கம். மற்றவர்கள் தாளிதத்தில் சில துளிகளாக உண்ணும் எண்ணெயை, அப்பெண் நாள்தோறும் மருந்துபோல அருந்துகிறாள். அந்த எண்ணெயிலேதான் ட்ரைகிரெசில் பொசுபேற்று என்னும் இரசாயனம் கலந்திருந்தது. இயந்திர எண்ணெய்களிலும் பிளாத்திக்குத் தொழிலிலும் பயன்படும் பொருள் அது. முன்னர் கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலங்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்தமையால் இக்கலப்பு நேர்ந்திருக்கவேண்டும் என்பது ஆய்வாளர் முடிவு. வழக்கம் குற்றமற்றது, அன்போடு ஊட்டிய தாயும் குற்றமற்றவள், குற்றம் கலத்தில் இருந்தது.

இந்நஞ்சின் கொடுமை அதன் மௌனத்தில் உள்ளது. நிறமும் மணமும் அதனைக் காட்டிக்கொடுப்பதில்லை. காய்ச்சினாலும் அது நீங்குவதில்லை. உண்ட அன்றே துன்பம் தோன்றுவதுமில்லை. ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழிந்தபின் கெண்டைக்காலில் வலி எழும், பின்னர்ப் பாதம் தளரும், அதன்பின் கைகள். உடலின் மிக நீண்ட நரம்புகளே நுனியிலிருந்து முதலில் அழிவதால் இவ்வொழுங்கு அமைகிறது. இதற்குள் எண்ணெயை எவரும் மறந்திருப்பர்.

உலகம் இதனை முன்னரும் கண்டதுண்டு. 1930 இல் அமெரிக்காவில் கலப்படம் செய்த இஞ்சிச் சாற்று மதுவை அருந்திய பல்லாயிரவர் முடமாயினர். 1959 இல் மொரோக்கோவில் விமான இயந்திர எண்ணெய் கலந்த சமையல் எண்ணெயை உண்டு ஏறத்தாழ 10,000 பேர் பாதிக்கப்பட்டனர்.

இலங்கை நோயாளரைச் சேனநாயக்க மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். புற நரம்புகள் மெல்ல மெல்ல மீண்டும் வளரக்கூடியவை. ஆயினும் முள்ளந்தண்டினுள் அழிந்த நரம்புப் பாதை எளிதில் மீள்வதில்லை. அதனால் தளர்ச்சி குறைந்த பின்னும் காலில் விறைப்பு எஞ்சலாம். அழிந்த நரம்பை உடனே மீட்கும் மாற்று மருந்து இன்றும் இல்லை. உடற்பயிற்சியும் பாதத்தைத் தாங்கும் பட்டையுமே துணை.

பொசுபரசு சேர்ந்த நஞ்சுகளைப் பற்றிய ஆராய்ச்சி இங்கே நின்றுவிடவில்லை. 1987 இல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரள்ளியத்தவும் பூச்சிக்கொல்லி நஞ்சேறிய 10 நோயாளரைப் பற்றி எழுதினர். முதற் சிகிச்சையால் தேறியவர்போலத் தோன்றியவருக்கு, ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்வதை அவர்கள் எடுத்துக்காட்டினர். தலையணையிலிருந்து தலையைத் தூக்க இயலாமை அதன் முக்கிய அறிகுறி. மூச்சுப் பொறியின் துணை காலத்தே கிடைத்தால் தசைகள் மீண்டும் வலுப்பெறும். இன்று உலகெங்கும் மருத்துவ மாணவர் கற்கும் இவ்வறிவு நம் நாட்டு நோயாளரின் படுக்கையருகே பிறந்தது.

நேயர்களே, நாம் செய்யக்கூடியவை எளியவை. இயந்திர எண்ணெயோ கிருமிநாசினியோ இருந்த தகரத்தை எவ்வளவு கழுவினாலும் அதில் உணவு எண்ணெயை ஊற்றாதிருப்போம். ஒருவருடைய பாதம் திடீரெனத் தளர்ந்தால், வாதம் என்று வீட்டிலேயே எண்ணெய் பூசிக் காலம் கழிக்காமல் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வோம். அங்கே வைத்தியர், “கடந்த ஒரு மாதத்தில் என்ன உண்டீர்கள்?” என்று கேட்டால், அது வீண் கேள்வி என்று எண்ணாமல் நினைவுகூர்ந்து விடை சொல்வோம். வீட்டில் எஞ்சிய எண்ணெய் இருந்தால் அதனைக் கொட்டிவிடாது கொண்டுசென்று காட்டுவோம். நம் பிள்ளைகளின் நோய்க்குக் காரணம் வெளிப்பட்டது, அவர்கள் என்ன உண்டார்கள் என்று ஒருவர் பொறுமையோடு கேட்டதனாலேதான்.