தறிக்குழி வரை செல்வோம்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



ஆரணிப் பட்டு என்றதும் நமக்கு முகூர்த்தச் சேலை நினைவுக்கு வரும். அதை நெய்தவரின் முதுகு நினைவுக்கு வருவதில்லை. ஆரணியிலிருந்து வந்த ஒரு தாயார் எங்களுக்கு அதை உணர்த்தினார். இடுப்பு வலி, கழுத்து வலி, கண் எரிச்சல் என்று மூன்று முறை வந்தார். மூன்று முறையும் மாத்திரை கொடுத்து அனுப்பினோம். நான்காம் முறை, வரிசையில் அவர் அருகே அமர்ந்து, "என்ன வேலை செய்றீங்க, அம்மா?" என்று கேட்டோம். "குழித்தறிதாங்க ஐயா, இருபது வருஷமா" என்றார். அவருடைய சீட்டில் அந்த விவரமே இல்லை. வெட்கப்பட்டோம்.

இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700-ஆம் ஆண்டிலேயே தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் அவருடைய தொழிலையும் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்கு அதில் அறிவுறுத்தினார். நாங்கள் மறந்தது அதைத்தான்.

குழித்தறியில் கால்கள் குழிக்குள் மிதிகட்டையை மிதிக்கும். உடல் பாவின் மேல் குனிந்திருக்கும். கண்கள் மெல்லிய இழையை விட்டு அகலா. மங்கிய வெளிச்சத்தில் ஆண்டுக்கணக்கில் இப்படி உழைத்தால் உடல் எப்படித் தாங்கும்?

சட்டம் காக்காதா என்று கேட்பீர்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வெளிச்சத்துக்கும் காற்றோட்டத்துக்கும் ஓய்வுக்கும் விதி வகுத்தது. ஆனால் மின்சக்தி இல்லாத இடத்தில் 20 பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. 2020-இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணை 40 ஆக்கியது. கணவனும் மனைவியும் நெய்யும் வீடு அதற்கு வெளியே நிற்கிறது. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு தேடி வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கவனிக்கிறது. அதற்காக நன்றி செலுத்துகிறோம். அந்த வீட்டிலுள்ள தறியையும் யாராவது பார்க்க வேண்டுமே!

கொரிந்து பட்டணத்தில் பவுல் அப்போஸ்தலர் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கி, அவர்களோடு கூடாரத் தொழில் செய்தார். வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் வழியோர மருத்துவத்தைத் தொடங்கி, நோயாளிகளிடம் தாமே சென்றார். உழைப்பவர் இருக்கும் இடத்துக்குப் போவது நம் ஊழியத்துக்குப் புதிதல்ல.

நாங்களும் அந்தத் தாயாரின் வீட்டுக்குப் போனோம். தறிக்கு மேலே கூரையில் ஒரு கண்ணாடி ஓடு பதித்தோம். உட்காரும் பலகையை உயர்த்தி மெத்தை இட்டோம். மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். அடிக்கடி எழுந்து நிமிரப் பழக்கினோம். வலி முற்றிலும் நீங்கவில்லை. ஆனால் இரவில் தூங்குகிறார். இப்போது ஒவ்வொரு சீட்டிலும் தொழில் என்ன, எத்தனை மணி நேரம் என்று எழுதுகிறோம்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டுத் திருமணத்துக்குப் பட்டு எடுக்கும்போது, நெய்தவருக்காக ஒரு மூக்குக்கண்ணாடியின் விலையையும் எடுத்துவையுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.