ஒன்றரை மைல் தொலைவில்



சட்டம் படித்துப் பட்டம் வாங்க வந்திருக்கும் உங்களிடம் வழக்கு ஒன்றைச் சொல்லாமல் பேச எனக்கு வராது. 2003, அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், பென்சகோலா நகரம். விடியவிடிய நடந்த விருந்துக்குப் பிறகு, போதை தெளியாத 20 வயது இளைஞர் ஒருவர் தன் காரை நண்பரிடம் கொடுத்தார். வாங்கிப்போனவர்கள் கஞ்சா வியாபாரி ஒருவரின் வீட்டில் திருடப் புகுந்தார்கள். அவர்களில் ஒருவன் அங்கிருந்த இளம்பெண்ணை அடித்தே கொன்றான். கார் கொடுத்தவர் அப்போது ஒன்றரை மைல் தள்ளி இருந்தார். திருட்டுப் பேச்சை வெறும் விளையாட்டு என்று நினைத்ததாகச் சொன்னார். அவருக்கும் பரோலே கிடையாத ஆயுள் தண்டனை. 2015-இல்தான் ஆளுநர் அதை 25 ஆண்டாகக் குறைத்தார்.

இதற்கு அங்கே ‘ஃபெலனி மர்டர்’ என்று பெயர். கொள்ளையிலோ வீடு புகுந்து திருடுவதிலோ பங்கு இருந்தது என்று நிரூபித்தால் போதும். அதில் பங்குபெற்றவர்களில் யார் கையால் உயிர் போனாலும் ஒவ்வொருவரும் கொலையாளி. கொல்லும் எண்ணம் இருந்ததா என்ற கேள்வியே எழாது. தண்டனையும் சட்டத்திலேயே முடிவாகிவிட்டால், நீதிபதிக்கு அங்கே என்ன வேலை?

இந்த விதியைப் பெற்றெடுத்த இங்கிலாந்தே 1957-இல் அதைக் கைவிட்டது. கலிபோர்னியா 2018-இல் சட்டம் திருத்தியது: கொன்றவர், கொல்லும் எண்ணத்தோடு உதவியவர், குற்றத்தில் பெரும்பங்கு வகித்து மனித உயிரைத் துச்சமாக நினைத்தவர் ஆகியோர்தாம் இனி கொலையாளிகள் (இறந்தவர் காவலர் என்றால் விதிவிலக்கு உண்டு). ஏற்கெனவே சிறையில் இருப்பவர்களும் தண்டனையை மறுபடி நிர்ணயிக்கக் கேட்டு மனுப் போடலாம். இந்தக் கடைசிப் பகுதிதான் எனக்கு மிகப் பிடித்தது. வருங்காலத்துக்கு மட்டும் திருத்துவது பாதி வேலை.

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் இதைச் சொல்ல முடியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அடித்தவனை விடச் சொல்லவில்லை. திருட்டுக்குத் துணைபோனவரையும் விடச் சொல்லவில்லை. துணைபோனதற்கு உரியதைக் கொடுங்கள். அடித்தவனுக்கு உரியதை அவர் தலையில் ஏற்றாதீர்கள்.

1837-இல் நம் தண்டனைச் சட்டத்துக்கு வரைவு எழுதிய மெக்காலே, பிக்பாக்கெட் அடிக்கப்போய், சட்டைப்பையில் இருந்த துப்பாக்கி தற்செயலாக வெடித்து ஆள் செத்தால், திருடனைக் கொலைகாரன் ஆக்கலாமா என்று கேட்டார். மெக்காலேயைத் திட்ட நமக்கு ஆயிரம் காரணம் உண்டு. இதில் மனிதர் சொன்னது சரி.

ஆனால் நம் கை முழுக்கச் சுத்தமில்லை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொள்ளையடிக்கும்போது ஒருவர் கொலை செய்தால், பழைய தண்டனைச் சட்டத்தின் 396-ஆம் பிரிவு எல்லோருக்கும் தூக்கு, ஆயுள், அல்லது பத்தாண்டு வரை கடுங்காவல் என்றது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 310(3)-இல் அந்தப் ‘பத்தாண்டு வரை’, ‘பத்தாண்டுக்குக் குறையாமல்’ என்று மாறிவிட்டது. அமெரிக்காவின் சில மாநிலங்கள் விலகிவரும் திசையில் நாம் ஓரடி எடுத்து வைத்திருக்கிறோம். வெளியே காவலுக்கு நின்றவருக்கும் பத்தாண்டுக்குக் கீழே இறங்க நீதிபதிக்கு வழியில்லை. இது திருத்தப்பட வேண்டும் என்பது என் கட்சி.

திருத்தும் வரை என்ன செய்வது? தூக்குக்கும் பத்தாண்டுக்கும் நடுவே இன்னும் நிறைய இடம் இருக்கிறது. குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு, தண்டனை பற்றி எதிரியிடம் நீதிபதி கேட்டாக வேண்டும். நம் செஷன்ஸ் கோர்ட்டுகளில் பல நேரம் அன்றைக்கே, நின்ற நிலையில், ‘குடும்பம் இருக்கிறதய்யா’ என்ற ஒரு வரியோடு அது முடிந்துவிடுகிறது. நான்காம் எதிரி எங்கே நின்றார், கையில் என்ன இருந்தது, என்ன தெரிந்து வந்தார் என்பதையெல்லாம் அந்த நாளுக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சீனியர் அன்று வேறு கோர்ட்டில் இருப்பார். எழுந்து நிற்கப்போவது நீங்கள்தான்.