செவிலியர் பதிவேடும் சேர்வராயன் மலையும்



1990களில் தமிழக ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளில், பெண் சிசுக்களின் மரணத்துக்கு எதிரே 'சமூகக் காரணம்' என்று எழுதப்படுவதுண்டு. நோயால் அன்று, பெண்ணாய்ப் பிறந்ததால் கொல்லப்பட்ட மகவு என்பதே அதன் பொருள். ஊரார் சொல்லத் துணியாததைக் கிராம சுகாதார செவிலியர் அவ்விரு சொற்களில் குறித்து வைத்தார். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கியது. 1995ஆம் ஆண்டின் பதிவேடுகளைத் தொகுத்து ஷீலா ராணி சுங்கத்தும் வி.பி. ஆத்ரேயாவும் 1997இல் வெளியிட்ட ஆய்வு, இக்கொடுமை மாநிலமெங்கும் பரவியிராமல் சேலம், தருமபுரி உள்ளிட்ட சில மாவட்டங்களில் செறிந்திருப்பதைக் காட்டியது. எங்கே செல்ல வேண்டும் என்பது அதன்பின் தெளிவாயிற்று. கொல்லாமையை முதல் அறமாகக் கொண்டோர் இந்த வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

தாய்மார் மரணத்திலும் பதிவே வழிகாட்டியது. ஒரு தாய் இறந்தால் வீட்டாரையும் மருத்துவரையும் தனித்தனியே வினவி, எவ்விடத்தில் காலம் தாழ்ந்தது என ஆராயும் முறை தமிழகத்தில் வேரூன்றியது. மருத்துவமனைக்குச் செல்ல முடிவெடுப்பதில் தாமதமா, வழியிலா, சிகிச்சையிலா என்பதே கேள்வி, தண்டிப்பது நோக்கமன்று. தண்டனைக்கு அஞ்சினால் எவரும் உண்மை எழுதார். ஒரு லட்சம் உயிருடன் பிறப்புகளுக்கு 2004-06இல் 111ஆக இருந்த தாய்மார் மரணம், 2018-20இல் 54ஆகக் குறைந்தது. 2008இல் வந்த 108 ஊர்தி முதலான பல முயற்சிகளும் இதற்குத் துணைநின்றன.

ஆனால் 54 என்பது மாநிலத்தின் சராசரி. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டை அடைந்தபின்னும், காபித் தோட்டங்களுக்கு அப்பால் மலையாளிப் பழங்குடியினர் வாழும் சிற்றூர்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஆயிரம் பிரசவம் நிகழும் ஒரு வட்டாரத்தை எண்ணிப் பார்ப்போம். அதே விகிதப்படி அங்கே இரண்டாண்டுக்கு ஏறக்குறைய ஒரு தாய் இறப்பார். ஓராண்டு ஒருவரும் இறவாதிருந்தால் வெற்றி என்றோ, மறு ஆண்டு இருவர் இறந்தால் வீழ்ச்சி என்றோ கொள்ள இயலுமா? மலையில் விகிதம் பேசாது. ஒவ்வொரு கர்ப்பிணியின் குறிப்பையும் தனியே படித்தாக வேண்டும்.

இன்று கர்ப்பிணிகளின் விவரம் 'பிக்மி' என்னும் கணினிப் பதிவில் ஏறுகிறது. 12 இலக்க எண் தரப்படுகிறது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே அவ்வெண் வேண்டும் என்பதால் பலர் அதைச் சான்றிதழுக்கான எண்ணாக மட்டுமே கருதுகின்றனர். அதற்குள் இருக்கும் உத்தேசப் பிரசவ நாளும் இரத்த அளவும் அன்றோ உயிர்நாடி! ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழ் உள்ள பெண்ணுக்குச் சிறிதளவு உதிரப்போக்கும் பேராபத்து. நோவு கண்டபின் அவரை மலையிறக்குவது காலங்கடந்த செயல். மலைப்பகுதிகளில் பிரசவ காத்திருப்பு அறைகள் அமைந்தது இதற்காகவே. நாள் நெருங்குமுன் தாய் அங்கு வந்து தங்கலாம். யாரை, எந்த வாரத்தில் அழைத்து வருவது என்பதைச் செவிலியர் அந்தப் பதிவைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். தோட்ட வேலைக்கு இடம்பெயர்ந்து வந்த பெண்ணின் பெயர் அதில் ஏறாதிருந்தால், அவரைத் தேடி எவரும் வரப்போவதில்லை.