மலைக்கும் கடலுக்கும் ஒரே கணக்கு

(லக்கலயில் விவசாயிகளும் தொழில் அறிஞரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மலை சூழ்ந்த லக்கலயில் நின்றுகொண்டு கடலடியில் வளரும் முருகைக்கல்லைப் பற்றிப் பேச முற்படுகின்றோம். வயலுக்குப் பசளை வேண்டும், விளைந்த நெல்லுக்கு விலை வேண்டும், இவற்றை விட்டு முருகைக்கல் எதற்கு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவது நியாயமே. ஆயினும், இம்மலையிலிருந்து இறங்கும் நீர் எங்கே போய்ச் சேருகின்றது என்று ஒரு கணம் சிந்தித்தால் இக்கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

நக்கிள்ஸ் மலைத்தொடரின் நீர் களு கங்கையாகி அம்பன் கங்கையிற் கலக்கின்றது. அம்பன் கங்கை மகாவலியிற் கலக்கின்றது. 335 கிலோமீற்றர் நீளமுடைய மகாவலி, மூதூர்ப் பகுதியில் கொட்டியாரக் குடாவினூடாகக் கடலை அடைகின்றது. களு கங்கை நீர்த்தேக்கம் 2018இல் நிரப்பப்பட்டபோது இங்கிருந்த பழைய பல்லேகம நகரும் அதைச் சூழ்ந்த வயல்களும் நீருள் மறைந்தன. ஆற்றை ஓரிடத்திற் கட்டினால் அதன் பயனும் இழப்பும் வேறு வேறு இடங்களிற் போய் விழும் என்பதை உங்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இழந்தவர்களுள் கடலோரத்து மீனவனும் ஒருவனாகக்கூடும் என்பதையே இன்று எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

முருகைக்கல் என்பது வெறுங்கல் அன்று. கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய குடியிருப்பு அது. அவ்வுயிர்களின் உடலுள்ளே கண்ணுக்குப் புலப்படாத பாசிகள் வாழ்கின்றன. பாசி கதிரொளியைக் கொண்டு உணவு சமைக்கின்றது; அதிற் பெரும்பகுதியை இடங்கொடுத்த முருகைக்கு அளிக்கின்றது. முருகையின் நிறத்துக்கும் இப்பாசியே பெரிதும் காரணம். கடல்நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தினும் 1 பாகை செல்சியசு மிகுந்து சில கிழமைகள் நீடிக்குமானால், பாசியின் ஒளித்தொகுப்பு குழம்புகின்றது. உயிரணுக்களை எரிக்கும் ஒட்சிசனின் கொடிய வடிவங்கள் அங்கே பெருகுகின்றன. அதனைத் தாங்கமாட்டாத முருகை பாசியை வெளியேற்றிவிட்டு எலும்பின் வெண்மையோடு நிற்கின்றது. இதுவே வெளிறல் எனப்படுவது. வெப்பம் விரைவில் தணிந்தால் முருகை மீளக்கூடும். தணியாவிடிற் பட்டினியால் மடியும்.

1998இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார்களிலும் ஆழங்குறைந்த முருகைகளிற் பெரும்பகுதி இவ்வாறு மடிந்தது. மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையில் 2016இல் மட்டும் உயிர்முருகையின் பரப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 39இலிருந்து 23ஆகச் சுருங்கியது. 1998இன் பேரழிவுக்குத் தப்பியவற்றுள் நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவின் முருகைகள் குறிப்பிடத்தக்கவை. 2003இல் அத்தீவு தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 2023இல் தொடங்கிய உலகளாவிய வெளிறல் நான்காவதென 2024 ஏப்பிரலில் அறிவிக்கப்பட்டது. முருகைப் பார் அழிந்தால் மீன் குஞ்சு பொரித்து வளரும் இடமும், அலையை உடைத்துக் கரையைக் காக்கும் அரணும் அழிகின்றன. திருகோணமலைக் கரையில் வள்ளம் தள்ளும் குடும்பங்களுக்கு இது சோற்றுக் கேள்வி.

இனி, இதற்கும் மலைக்கும் உள்ள தொடர்பைக் கூறுவோம். அது உலோகத்தின் வழியாக வருகின்றது. நாகம் குறைந்த வயலில் நாற்று குறுகி, இலை பழுப்புப் புள்ளியிடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் இரும்பு பயிருக்கு எட்டாமற்போக, இளந்தளிர் மஞ்சளிப்பதை வடக்கேயுள்ள தோட்டக்காரர் அறிவர். தென்மேற்கின் ஈரவலயத்துத் தாழ்நில வயல்களிலோ இரும்பு மிகுந்து நெல்லிலை செம்பு நிறமாகின்றது. ஒரே இரும்பு ஓரிடத்திற் பஞ்சம், ஓரிடத்தில் நஞ்சு. கடலிலுள்ள பாசியும் ஒரு பயிரே. ஒளித்தொகுப்புக்கு அதற்கு இரும்பு வேண்டும். நீரைப் பிரிப்பதற்கு மங்கனீசு வேண்டும். வெப்பக் காலத்தில் எழும் கொடிய ஒட்சிசனை அடக்கும் நொதியங்கள் இரும்பையும் மங்கனீசையும் செம்பையும் நாகத்தையும் கருவாகக் கொண்டவை. உலோகம் கிட்டாத பாசி, வாளில்லாத போர்வீரன் போன்று வெப்பத்தின் முன் நிற்கின்றது.

எவ்வளவு உலோகம் வேண்டும் என்று கேட்பீர்கள். திறந்த கடலின் மேற்பரப்பில் 1 கிராம் இரும்பு ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் லீற்றர் நீரிற் பரந்து கிடக்கும். பெரும்பாலும் அதனினும் குறைவாகவே கிடக்கும். பதினான்கு பதினைந்து ஏக்கர் வயலில் ஓரடி உயரத்துக்கு நீர் கட்டி, அதில் ஒரு கிராம் இரும்பைக் கரைத்ததற்கு இது சமம். இத்துணைச் சிறிய அளவில் வாழப் பழகிய உயிருக்கு, சற்றுக் குறைந்தாலும் கேடு, சற்று மிகுந்தாலும் கேடு.

இது வெறும் ஊகமன்று. இரும்பு கிடையாத நிலை வெப்பத்தால் முருகை வெளிறும் இயல்பைக் கூட்டக்கூடும் என்று 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. 2018இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், மங்கனீசு சிறிதளவு சேர்த்த நீரில் வளர்ந்த முருகை வெப்பத்தைத் தாங்கி வெளிறாது நின்றது. சேர்க்காத நீரில் வளர்ந்தது வெளிறியது. அதே ஆய்வில் இரும்பு சேர்த்த நீரிலிருந்த முருகையோ சுண்ணாம்பு கட்டும் வலுவிற் குன்றி வெளிறவுஞ் செய்தது. பசிபிக் பெருங்கடலின் லைன் தீவுகளில் உடைந்த கப்பல்களின் இரும்பு கரைந்து பரவ, அங்கிருந்த முருகைப் பார்கள் பாசியும் நுண்ணுயிரும் மூடிக் கருமையாகிப்போனதை 2012இல் ஆய்வாளர் வெளியிட்டனர். செம்பும் அத்தகையதே. துளியளவு தேவை, மிகுந்தாலோ முருகையின் கருவுறுதலும் பாசியின் ஒளித்தொகுப்பும் கெடுகின்றன.

ஆகவே, கடலில் மங்கனீசைக் கொட்டினால் முருகை பிழைத்துவிடும் என்று எவரேனும் திட்டந்தீட்டி வருவாராயின் அவரை நம்பவேண்டாம் என்று முற்கூட்டியே எச்சரிக்கின்றோம். வெளிறலின் முதற்காரணம் வெப்பமே. அவ்வெப்பத்தை வளர்ப்பது உலகத்தின் பெருந்தொழில் நாடுகள் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயுமே. அதனை லக்கல விவசாயி தனித்து நிறுத்திவிட முடியாது. ஆனால், வெப்பம் வந்து தாக்கும்போது முருகை எந்நிலையில் இருக்கும் என்பது ஆறு கொண்டுவந்து சேர்ப்பதையும் பொறுத்தது. அந்த ஆறு எங்கள் கைக்கு எட்டியது.

ஆற்று நீரில் வரும் இரும்பின் பெரும்பகுதி வண்டலோடு ஒட்டியே வருகின்றது. உவர்நீரைச் சந்தித்ததும் கரைந்திருந்த இரும்பிலும் பெரும்பங்கு திரண்டு படிந்துவிடுகின்றது. அணை வண்டலைத் தடுக்கின்றது. ஆழமான நீர்த்தேக்கத்தின் அடியில் ஒட்சிசன் வற்றும்போதோ சேற்றிலிருந்து இரும்பும் மங்கனீசும் கரைந்து நீரில் எழுகின்றன. அடிமதகைத் திறந்தால் அவை ஆற்றோடு போகின்றன. போவது எவ்வளவு என்பது மட்டுமன்றி எக்காலத்திற் போகின்றது என்பதும் இதனால் மாறுகின்றது. பொல்கொல்லையில் 1976இல் தொடங்கி, விக்டோரியா, மொரகஹகந்த, களு கங்கை என்று ஒன்றன்பின் ஒன்றாக மகாவலியின் நீர் தடுக்கப்பட்டும் திருப்பப்பட்டும் வந்துள்ளது. இதனோடு மேட்டு நிலத்தின் கழிவுஞ் சேர்கின்றது. தேயிலைக்குக் கொப்புள நோய் 1946இல் இலங்கைக்கு வந்த பின்னர் செம்பு கலந்த மருந்து மலைநாட்டில் தெளிக்கப்பட்டது. பொசுபேற்றுப் பசளையில் கட்மியம் இயல்பாகவே கலந்திருக்கக்கூடும். காடு அழிந்த சரிவிலே மழைக்கு மண் கரைந்து ஓடுகின்றது. அம்மண் முருகையின்மேல் படிந்து ஒளியையும் மறைக்கின்றது. விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதனைச் சொல்லவில்லை. எதை இடவேண்டும் என்று அவனுக்குச் சொன்னவர்கள் இருந்தார்கள். இட்டது எங்கே போகும் என்று சொன்னவர்கள் இல்லை.

இவ்விடத்திற் சட்டம் என்ன செய்கின்றது? 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கரையோர வலயத்தைக் கரையிலிருந்து நிலத்தினுள் 300 மீற்றர் என்றும், கடலினுள் 2 கிலோமீற்றர் என்றும் வகுத்தது. கடலோடு தொடர்புடைய ஆறுகளில் உள்நோக்கி 2 கிலோமீற்றர் என்று எல்லையிட்டது. லக்கலயோ கொட்டியாரக் குடாவிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கின்றது. மதகு மகாவலி அதிகார சபையிடம்; பூங்கா வனசீவராசிகள் திணைக்களத்திடம்; கடல் மாசடைதல் கடற்சூழல் அதிகார சபையிடம்; பசளை விவசாயத் துறையிடம். நீர் ஒன்று, கோப்புகள் நான்கு. நான்கு கோப்புகளும் ஒரே மேசையில் விரிக்கப்பட வேண்டும் என்பதே எமது வாதம்.

இவ்வாதத்துக்கு நீதிமன்றத்தின் துணை உண்டு. எப்பாவலையின் பொசுபேற்றுப் படிவத்தை அந்நியக் கம்பனியொன்றுக்கு அளிக்கும் திட்டத்தை எதிர்த்து, அப்பகுதி வாசிகள் எழுவர் உயர்நீதிமன்றம் சென்றனர். 2000ஆம் ஆண்டில் நீதியரசர் அமரசிங்க வழங்கிய தீர்ப்பு, நாட்டின் இயற்கைச் செல்வத்துக்கு அரசு உரிமையாளனல்ல, மக்களின் பொருட்டு அதைக் காக்கும் பொறுப்பாளனே என்ற கொள்கையை ஏற்றது. முழுமையான ஆய்வும் சூழல் மதிப்பீடும் முடியுமுன் அத்திட்டம் நடைபெறலாகாது என்றது. அரசியலமைப்பின் 27(14)ஆம் உறுப்புரை சூழலைக் காத்து மேம்படுத்துவதை அரசின் நெறியாகக் கூறுகின்றது. நிலத்துக்கும் குளத்துக்கும் பொறுப்பாளன் என்றால், அவற்றின் நீர் சென்று சேரும் கடலுக்கும் அரசு பொறுப்பாளனே.

எனவே நாம் கோருபவை மூன்று. முதலாவது, களு கங்கை அணையின் கீழும், அம்பன் கங்கையிலும், மகாவலியின் வாயிலிலும், திருகோணமலையின் முருகைப் பார்களிலும் இரும்பு, மங்கனீசு, செம்பு, நாகம், கட்மியம் ஆகியவற்றின் அளவு மழைக்கு முன்னும் பின்னும் ஒழுங்காக அளக்கப்பட்டு, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெளியிடப்பட வேண்டும். இரண்டாவது, கடல் சூடேறும் ஏப்பிரல், மே மாதங்களில் சேற்றைக் கிளறும் பணிகளும் அடிமதகுத் திறப்பும் கடலின் நிலையை உசாவிய பின்னரே நடைபெற வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு விவசாயிக்கும் மண் பரிசோதனை அரசின் செலவில் அண்மையிலேயே கிடைக்க வேண்டும். வேண்டாத பசளையை இடாதவனுக்குப் பணமும் மிஞ்சும், ஆறும் மிஞ்சும்.

கோரிக்கை வைத்துவிட்டுக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நீர்த்தரம் பற்றிய அளவுகளைக் கேட்க எந்தப் பிரசைக்கும் உரிமையுண்டு. 14 வேலை நாட்களுக்குள் அதிகாரி முடிவு கூற வேண்டும். விண்ணப்பம் எழுத எம்முடைய சட்டத்தரணிகள் ஊதியமின்றி உதவுவர். ஆசிரியர்களும் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் வந்த விடையைப் படித்து ஊராருக்கு விளங்கவைக்க வேண்டும். லக்கலயில் வயலிழந்த சிங்கள விவசாயியின் கையொப்பமும், மாத்தளைத் தோட்டத் தொழிலாளியின் கையொப்பமும், மூதூரிலும் கிண்ணியாவிலும் வலை வீசும் முஸ்லிம், தமிழ் மீனவரின் கையொப்பமும் ஒரே தாளில் நிற்குமானால், அத்தாளை எந்தத் திணைக்களமும் இலகுவில் ஒதுக்கிவிட முடியாது.

மகாவலியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எம்மவர் குடியேற்றத்தைப் பற்றியே பேசி வந்தோம். அதற்குக் காரணம் உண்டு. அந்தக் கோரிக்கையை நாம் கைவிடவுமில்லை. அதனோடு, ஆற்றின் வாயில் வாழும் மக்களுக்கு அவ்வாற்றின் தலையில் நடப்பதைக் கேட்கும் உரிமை உண்டு என்பதையும் இன்றிலிருந்து சேர்த்துச் சொல்வோம். வருகின்ற போகத்துக்கு முன் இவ்வூரிலிருந்து முதல் விண்ணப்பம் புறப்பட வேண்டும். அதற்கான தாளும் பேனையும் இம்மேசையில் இருக்கின்றன. முன்வருமாறு உங்களை வேண்டி அமர்கின்றோம்.